விளக்குக்குச் சொல்லித் தந்தவர்கள்

மனிதன் ஏற்றும் விளக்குகள் இரு வகைப்படும். இருளில் தடுக்கி விழாதிருக்க ஏற்றுவது ஒன்று. உள்ளத்து மகிழ்ச்சியை ஊரறியச் சொல்ல ஏற்றுவது மற்றொன்று. முதல் வகை விளக்கின் வரலாற்றைப் பள்ளிப் பாடநூல்கள் நமக்கு ஓரளவு சொல்லித் தந்திருக்கின்றன. எடிசனின் பெயரை அறியாத சிறுவர் இல்லை. ஆனால் இரண்டாம் வகை விளக்கின் வரலாறு நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விழா நாள்களில் அலையலையாய் ஓடி, நிறம் மாறி, மலராய் விரிந்து, மீண்டும் மொட்டாய்க் குவியும் அலங்கார விளக்குகளை அண்ணாந்து பார்த்து வியக்கிறோம். அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் எப்போது எரிய வேண்டும், எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று சொல்லித் தந்தவர் யார்? அந்தச் சொல் ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்கு எப்படிச் செல்கிறது?

இக்கேள்விகளுக்கு விடை தேடப் புகுந்தால் ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளின் கதை நம் முன் விரிகிறது. அதில் அறிவியலும் வணிகமும் மட்டுமல்ல, உழைத்தும் பெயர் மறைந்து போனவர்களும் உண்டு. கண்டறிந்ததைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் எல்லாருக்கும் வாரி வழங்கியவர்களும் உண்டு. அதனாலேயே அவ்வரலாற்றை இங்குச் சற்று விரிவாகக் காண விழைகிறேன்.

சுழன்ற மரமும் ஓடிய எழுத்தும்

1882ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அது நிகழ்ந்து நான்கு மாதங்கள்கூட நிறைவுறாத டிசம்பர் 22ஆம் நாள், அதே நகரில் எட்வர்ட் ஜான்சன் என்பவர் தம் இல்லத்தில் ஒரு கிறிஸ்து பிறப்பு மரத்தை நிறுவினார். இவர் எடிசனின் நெருங்கிய கூட்டாளி. எடிசனின் மின்விளக்கு நிறுவனத்தில் துணைத் தலைவர். அதுவரை அம்மரங்களின் கிளைகளில் மெழுகுதிரிகளையே செருகி வந்தனர். உலர்ந்த ஊசியிலைகளில் தீப்பற்றி வீடுகள் எரிந்ததும் உண்டு. ஜான்சனோ சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் 80 சிறு மின்பல்புகளைக் கைப்படக் கம்பியில் கோத்து மரத்தைச் சுற்றினார். ஒவ்வொரு பல்பும் ஓர் அக்ரூட் கொட்டையின் அளவே இருந்தது.

நாம் கவனிக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. அம்மரம் ஓரிடத்தில் அசையாமல் நிற்கவில்லை. மின்விசையால் மெல்லச் சுழன்றது. அது சுழலச் சுழல மின் இணைப்புகள் முறையாகத் துண்டிக்கப்பட்டும் சேர்க்கப்பட்டும் விளக்குகள் மாறி மாறி அணைந்து எரிந்தன. டெட்ராய்ட் நகரத்து நாளிதழ் ஒன்றின் செய்தியாளர் நேரில் கண்டு எழுதியதால் அக்காட்சி வரலாற்றில் நின்றது. மின் அலங்காரம் பிறந்தபோதே, அதற்கு ஆணையிடும் கலையும் உடன் பிறந்துவிட்டது எனலாம்.

அடுத்த பெரும் படி 1928இல் நிகழ்ந்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் கட்டடத்தைச் சுற்றி 14,800 பல்புகளைக் கொண்ட ஒளிப்பட்டை ஒன்றை அமைத்து, அவ்வாண்டு நவம்பர் 6ஆம் நாள், ஹூவர் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியை அதில் ஓட விட்டது. வெளியே எழுத்துகள் ஓடின. உள்ளே ஓடியது ஒரு சங்கிலி. அச்சுக் கோப்பது போல எழுத்துருக்களைச் சட்டங்களில் கோத்து அச்சங்கிலியில் ஏற்றினார்கள். அவை நகரும்போது மின்தொடுமுனைகளை உரச, உரசிய இடத்துக்குரிய பல்பு வெளியே எரிந்தது. பல்பு எதுவும் இடம் பெயரவில்லை. எரிதலும் அணைதலும் மட்டுமே பெயர்ந்தன. நம் கண்ணோ அதை ஓட்டமாகக் கண்டது. இன்றைய ஒளி அலங்காரம் அனைத்தும் இந்த ஒரே உண்மையின் மீதுதான் நிற்கிறது.

நம் நாட்டில் இக்கலையைப் பேணி வளர்த்த ஊர் மேற்கு வங்கத்தின் சந்தன்நகர். புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்து, பின்னர் இந்தியாவுடன் இணைந்த ஊர் அது. அங்குள்ள ஜகத்தாத்ரி பூசை ஊர்வலங்களுக்காக ஸ்ரீதர் தாஸ் முதலிய கைவினைஞர்கள் சிறு பல்புகளால் அசையும் ஓவியங்களையே படைத்தார்கள். மோட்டாரால் சுழலும் மர உருளை. அதன்மேல் வெட்டி ஒட்டிய உலோகத் தகடுகள். அவற்றை உரசும் தொடுமுனைகள். தகடு இருக்கும் இடத்தில் விளக்கு எரியும்; இல்லாத இடத்தில் அணையும். ஜான்சனின் மரத்தையும் டைம்ஸ் சங்கிலியையும் இயக்கிய அதே தத்துவந்தான்.

நம் ஊர்களின் ‘சீரியல் செட்’டையும் இங்கு நினைவுகூரலாம். 6 வோல்ட் பல்புகள் ஏறத்தாழ நாற்பதை ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்தால், வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை அவை தமக்குள் பகிர்ந்துகொள்ளும். சிக்கனமான ஏற்பாடு; ஆனால் ஒரு பல்பு உயிர்விட்டால் வரிசை முழுவதும் இருண்டு போகும். எந்தப் பல்பு போயிற்று என்று ஒவ்வொன்றாய்த் திருகிப் பார்த்த இளைஞர்கள் நம் பங்குகளில் இன்றும் இருப்பார்கள்.

உரோமை தந்த விடை

மின்விளக்கு ஆலயங்களுக்குள் நுழைந்த காலத்தில், அது எந்த அளவுக்குத் தகும் என்னும் கேள்வி உரோமைக்கும் சென்றது. வழிபாட்டு முறைகளைக் கவனித்து வந்த பேராயம் 1895ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் அதற்கு விடையளித்தது. வழிபாட்டுக்குரிய திரிகளின் இடத்தை மின்விளக்கு எடுத்துக்கொள்ளலாகாது. இருளை நீக்கவும் ஆலயத்தைச் சிறப்பாக ஒளிபெறச் செய்யவும் அதைப் பயன்படுத்தலாம். ஆயினும் நாடக அரங்கின் தோற்றம் ஏற்பட்டுவிடாதபடி விழிப்பாயிருக்க வேண்டும் என்பது அவ்விடையின் சாரம்.

பழமை பேணும் அச்சம் என்று இதை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் ஆழ்ந்து நோக்கினால் அதில் ஒரு நுண்ணிய வேறுபாடு புலப்படும். மெழுகுதிரி தன்னையே செலவிட்டு எரிகிறது. அதனாலேயே அது காணிக்கையின் அடையாளம் ஆயிற்று. மின்விளக்கோ எங்கோ வேறொன்று செலவாக இங்கே எரிகிறது. இப்படிப்பட்ட ஒளிக்குப் பின்னால் யாருடைய செலவு இருக்கிறது என்று கேட்பது நம் கடமையாகிறது. அக்கேள்வியோடு மேலே செல்வோம்.

படிகத்தில் பிறந்த ஒளி

இழை சூடேறி எரியும் பல்பின் இடத்தை இன்று பிடித்திருப்பது எல்.இ.டி. எனப்படும் ஒளி உமிழ் டையோடு. இதில் இழை இல்லை, சுடர் இல்லை. சில வகைப் படிகங்களின் ஊடே மின்சாரம் பாயும்போது, எலக்ட்ரான்கள் உயர்ந்த ஆற்றல் நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு இறங்குகின்றன; இறங்கும்போது இழக்கும் ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. 1907இல் ஹென்றி ரவுண்டு என்னும் ஆங்கிலேயர் சிலிக்கான் கார்பைடு படிகத்தில் இவ்வொளியைக் கண்டு சிறு குறிப்பொன்றை வெளியிட்டார். 1920களில் ரஷ்யாவின் ஒலெக் லோசெவ் இதனைத் தனித்து ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். லெனின்கிராடு முற்றுகையின்போது, 1942இல், அவர் பசியால் மாண்டார். அவருடைய ஆய்வின் அருமையை உலகம் உணர்ந்தது அதற்கும் பல ஆண்டுகள் கழித்தே.

1962இல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு எல்.இ.டி.யைப் படைத்தார். நீலம் மட்டும் மூன்று பத்தாண்டுகள் கைக்கெட்டாமல் நின்றது. நீலம் இல்லையேல் வெண்மை பிறவாது; சிவப்பு, பச்சையோடு அதுவும் சேர்ந்தாலன்றி எல்லா நிறங்களும் பிறவா. ஜப்பானில் அகசாகி, அமானோ ஆகிய இருவரும், தனியே நகமுராவும் காலியம் நைட்ரைடு என்னும் முரட்டுப் படிகத்தோடு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 1993இல் நகமுரா பணியாற்றிய நிறுவனம் பேரொளி தரும் நீல எல்.இ.டி.யை அறிவித்தது. அக்கண்டுபிடிப்புக்கு அந்நிறுவனம் அவருக்கு அளித்த வெகுமதி 20,000 யென். பின்னர் அவர் நீதிமன்றம் சென்றார். 2005இல் ஏறத்தாழ 84 கோடி யென்னுக்கு உடன்பாடு ஏற்பட்டது. 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அம்மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒளியைத் தந்தவருக்கு உரிய மதிப்பு தானாக வந்து சேர்வதில்லை என்பதற்கு இவ்வரலாறே சான்று.

பாலைவனத்தில் ஓர் அடையாளம்

நிறங்கள் கிடைத்தன; இனி அவற்றுக்கு ஆணையிட ஓர் அறிவு வேண்டும். சுழலும் உருளையில் ஒரு கோலத்தை மாற்ற வேண்டுமாயின் தகடுகளையே பெயர்த்து ஒட்ட வேண்டும். இத்தொல்லையை நீக்கியது மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு சில்லு. கணிப்பான், நினைவகம், வெளியுலகோடு பேசும் ஊசிகள் ஆகிய மூன்றையும் ஒரே சிலிக்கான் துண்டில் அடக்கிய கருவி இது. 1971இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் இதை உருவாக்கினார்கள். 1974இல் இது விற்பனைக்கு வந்தது. 1980இல் இன்டெல் நிறுவனத்தின் 8051 என்னும் சில்லு வந்து உலகெங்கும் பரவியது. உருளையின் தகடுகள் செய்த வேலையை இப்போது நினைவகத்தில் எழுதிய நிரல் செய்தது. கோலம் மாற வேண்டுமாயின் நிரலை மாற்றினால் போதும்.

இதைக் கலைஞர் ஒருவர் கையாண்ட விதம் சுவையானது. 1997இல் லியோ வில்லரியல் என்பவர் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ஆண்டுதோறும் கூடும் ஒரு பெருங்கூட்டத்துக்குச் சென்றிருந்தார். திசையறிய மரமோ கட்டடமோ இல்லாத அவ்வெளியில் இரவில் தம் கூடாரத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமே! பேசிக் ஸ்டாம்ப் என்னும் மைக்ரோகண்ட்ரோலர் ஒன்றைக் கொண்டு, தம் வண்டியின் கூரைமேல் 16 மின்னல் விளக்குகளை ஒரு முறைப்படி சிமிட்டச் செய்தார். வழிகாட்டவென்று வைத்தது அழகாகவும் இருக்கக் கண்டார். அதுவே அவருடைய வாழ்நாள் கலையாயிற்று.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 2013 மார்ச் 5ஆம் நாள், அவரே சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பாலத்தின் மேற்குப் பகுதியில் 1.8 மைல் நீளத்துக்கு 25,000 வெண்ணிற எல்.இ.டி.களை ஒளிரச் செய்தார். கீழே அலையும் நீரையும் மேலே செல்லும் ஊர்திகளையும் நினைவூட்டும் வகையில், வந்த கோலம் மீண்டும் வராதபடி அவ்வொளி நிரலால் ஆளப்பட்டது. இரண்டாண்டுக் காட்சியாகத் தொடங்கிய அது, மக்கள் விருப்பத்தால் 2016 சனவரியில் நிலையான அமைப்பாக மீண்டும் ஏற்றப்பட்டது. ஆயினும் உப்புக்காற்றும் மழையும் பாலத்தின் ஓயாத அதிர்வும் விளக்குகளைத் தின்றன. 2023 மார்ச் 5ஆம் நாள் அவை அணைக்கப்பட்டன. நிரலுக்கு மூப்பு இல்லை. செம்புக்கும் பற்றவைப்புக்கும் உண்டு.

இவ்ரேயா தந்த பலகை

இத்தகைய பெருங்காட்சிகள் பெரும் பொருள் உள்ளவர்க்கே உரியன என்ற நிலையை மாற்றியது இத்தாலியின் வடபகுதியில் உள்ள இவ்ரேயா என்னும் சிறு நகர். ஒலிவெட்டி தட்டச்சுப் பொறிகளின் ஊர் அது. அங்கிருந்த வடிவமைப்புக் கல்லூரி ஒன்றில் மாணவர்கள் பேசிக் ஸ்டாம்பையே பயன்படுத்தி வந்தார்கள். அதன் விலை ஏறத்தாழ 50 டாலர். மாணவர்க்கு அது சுமை.

2003இல் எர்னாண்டோ பாராகான் என்னும் கொலம்பியா நாட்டு மாணவர் தம் முதுகலை ஆய்வேட்டுக்காக ‘வயரிங்’ என்ற பெயரில் ஒரு மின்பலகையையும், பொறியியல் பயிலாத கலைஞரும் எழுதத்தக்க எளிய நிரல்முறையையும் உருவாக்கினார். அவருக்கும் ஒரு முன்னோடி உண்டு: கேசி ரியாஸ், பென் ஃபிரை ஆகிய இருவரும் ஓவியர்களுக்கென்று ஆக்கிய ‘பிராசசிங்’ என்னும் மென்பொருள். பலகையின் நடுவில் அமர்ந்த சில்லுக்கும் ஒரு வேர் உண்டு: நார்வேயின் துரோந்தெய்ம் நகரில் போகன், வோலன் என்னும் இரு மாணவர்கள் வகுத்த வடிவமே பின்னர் ஏ.வி.ஆர். என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இவ்வாறு ஒருவர் தோளில் ஒருவர் நின்றார்கள்.

2005இல் பாராகானின் ஆசிரியருள் ஒருவரான மாசிமோ பான்சியும் அவர் தோழர்களும், வயரிங்கின் அடிப்படையில் விலை குறைந்த சில்லைக் கொண்டு புதிய பலகை ஒன்றைச் செய்தார்கள். அவர்கள் கூடிப் பேசும் உணவகம், கி.பி. 1002இல் இத்தாலிக்கு அரசனான அர்துயினோவின் பெயர் தாங்கியது. பலகைக்கும் ‘அர்துயினோ’ என்றே பெயரிட்டார்கள். ஆங்கில வழக்கில் அது ‘ஆர்டுயினோ’ ஆயிற்று. அக்காலத்தில் கல்லூரி மூடப்படும் நிலையில் இருந்தது. தங்கள் உழைப்பு அதனோடு புதைந்துவிடலாகாது என்று கருதி, பலகையின் வரைபடத்தையும் நிரல்களையும் எவரும் எடுத்துச் செய்யலாம் என்று அவர்கள் திறந்து வைத்தார்கள். சொத்தைக் காக்க அவர்கள் கண்ட வழி, அதைப் பூட்டாமல் விடுவது!

எனினும் இக்கதையிலும் ஒரு கசப்பு உண்டு. வேர் நட்ட மாணவரின் பெயர் உலகின் செவிகளில் விழவேயில்லை. 2016இல் பாராகான் தாமே அவ்வரலாற்றை விரிவாக எழுதி வெளியிட வேண்டியதாயிற்று. பலகையை ஆக்கிய தோழர்களும் பெயருரிமை குறித்துப் பிரிந்து வழக்காடி, 2016 அக்டோபரில்தான் உடன்பட்டார்கள். கொடுக்க அறிந்தவர்களுக்குங்கூட, யாரால் வந்தது என்று சொல்வது கடினமாய் இருந்திருக்கிறது.

தன் பங்கை எடுத்து மீதியைக் கடத்தும் விளக்கு

இனி, கடைகளில் ‘ஸ்ட்ரிப் லைட்’ என்று விற்கப்படும் எல்.இ.டி. பட்டைக்கு வருவோம். சாதாரணப் பட்டையில் எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் ஒரே நிறம் காட்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆள வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி வேண்டும். ஆயிரம் விளக்குக்கு ஆயிரங்கம்பியா? சீனாவின் வேர்ல்டுசெமி நிறுவனம் இதற்கு விடை கண்டது. 5 மில்லிமீட்டர் சதுர எல்.இ.டி.யின் உள்ளேயே மூன்று நிற ஒளிப்புள்ளிகளோடு ஒரு கட்டுப்பாட்டுச் சில்லையும் பொதிந்து, டபிள்யூ.எஸ்.2812 என்று அதற்குப் பெயரிட்டது. 2012, 2013ஆம் ஆண்டுகளில் இது ஆர்வலர்களிடையே காட்டுத்தீயெனப் பரவியது.

இதன் செயல்முறை மிக எளியது. பட்டையின் தொடக்கத்தில் மைக்ரோகண்ட்ரோலர் ஒரே கம்பி வழியாக நீண்ட தொடர் ஒன்றை அனுப்புகிறது. அத்தொடரில் இருப்பவை பூச்சியமும் ஒன்றும் மட்டுமே. துடிப்பு குறுகியதாயின் பூச்சியம், நீண்டதாயின் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரம் 1.25 மைக்ரோ விநாடி. இத்தகைய 24 துடிப்புகள் சேர்ந்தது ஒரு விளக்கின் பங்கு: பச்சைக்கு எட்டு, சிவப்புக்கு எட்டு, நீலத்துக்கு எட்டு. நிறம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். மூன்றும் கலந்தால் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்கள்.

முதல் விளக்கு, தன்னிடம் வரும் முதல் 24 துடிப்புகளைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. அதன்பின் வருவன அனைத்தையும் அடுத்த விளக்குக்கு அனுப்பிவிடுகிறது. கடத்தும்போது வெறுமனே கடத்துவதில்லை. வழியில் மங்கிய துடிப்பைத் திருத்திப் புதுப்பித்தே அனுப்புகிறது. இரண்டாம் விளக்கும் அவ்வாறே. கம்பி சிறிது நேரம் மௌனமாயிருந்தால், சொல் முடிந்தது என்று உணர்ந்து எல்லா விளக்குகளும் தாம் பெற்ற நிறத்தை ஒருசேரக் காட்டுகின்றன. எந்த விளக்குக்கும் தனி முகவரி கிடையாது. தான் வரிசையில் எத்தனையாவது என்பதும் அதற்குத் தெரியாது. முன்னவர் தம் பங்குக்கு மேல் எடுப்பதில்லை என்ற ஒரே நம்பிக்கையில் கடைசி விளக்குக்கும் அதன் சொல் பிழையின்றிப் போய்ச் சேர்கிறது. நம் அன்பியங்களில் பேசுதற்கு இதைவிடச் சிறந்த உவமை வேண்டுமா?

ஆனால் பழைய சீரியல் செட்டின் குறை இதிலும் மறையவில்லை. நடுவில் ஒரு விளக்கு பழுதானால், அதற்குப் பின்னுள்ளவை யாவும் செய்தியின்றி நிற்கும். பின்னர் வந்த டபிள்யூ.எஸ்.2813 வகையில் இதற்காகவே மாற்றுக்கம்பி ஒன்று வைத்தார்கள். முன்னவர் வாய் மூடினால் அவருக்கு முன்னவரிடமிருந்து கேட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது.

கடைசி விளக்கின் உரிமை

பெரிய அலங்காரத்தில் இரு கணக்குகளை மறக்கலாகாது. முதலாவது நேரம். ஒரு விளக்குக்கு 30 மைக்ரோ விநாடி எனில், ஆயிரம் விளக்குக்கு 30 மில்லி விநாடி. அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 33 காட்சிகள். கண்ணுக்கு அது போதும். ஐயாயிரம் விளக்குகளை ஒரே வரிசையில் கோத்தால் விநாடிக்கு ஆறு, ஏழு காட்சிகளே கிடைக்கும். ஓட்டம் தத்தித் தத்திச் செல்லும். எனவே வரிசையைப் பல கிளைகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். பால் ஸ்டோஃப்ரெகன் என்னும் அமெரிக்கர் எட்டுக் கிளைகளுக்கு ஒருசேர ஆணையிடும் நிரலை எழுதி எல்லாருக்கும் வழங்கினார். எட்டாய்ப் பிரித்தால் ஐயாயிரம் விளக்குகளும் விநாடிக்கு ஐம்பது முறைக்கு மேல் மாறும்.

நினைவகத்துக்கும் எல்லை உண்டு. ஆர்டுயினோ ஊனோ பலகையின் சில்லில் தற்காலிக நினைவகம் 2,048 பைட்டுகளே. விளக்கு ஒன்றுக்கு மூன்று பைட்டு வேண்டும். ஆகவே, பிற தேவைகள் போக, ஐந்நூறு விளக்குகளைத் தாண்டுவது அரிது. மேலும் வேண்டுவோர் பெரிய சில்லுகளை நாட வேண்டும்.

இரண்டாவது கணக்கு மின்சாரம். முழு வெண்மையில் எரியும் ஒரு விளக்கு ஏறத்தாழ 60 மில்லி ஆம்பியர் கொள்ளும். ஐயாயிரத்துக்கு 300 ஆம்பியர். 5 வோல்ட்டில் 1,500 வாட். 5 வோல்ட் மனிதரைத் தாக்காது என்பது உண்மையே. ஆயினும் 300 ஆம்பியர் மெல்லிய கம்பியில் பாய்ந்தால் கம்பி பழுக்கும், உறை உருகும், தீப்பற்றும். ஆதலால் கிளைக்கொரு மின்வழங்கியும் உருகியும் வைத்தல் வேண்டும். அம்மின்வழங்கிக்குள் நுழையும் 230 வோல்ட்டை மழைக்கும் ஈரக்கைக்கும் எட்டாமல் காத்தல் அதனினும் வேண்டும்.

பட்டையில் உள்ள செம்பு மிக மெல்லியது. தொடக்கத்தில் 5 வோல்ட் கொடுத்தாலும், நீளப் போகப் போக அது குறைந்துகொண்டே செல்கிறது. சிவப்பு எரியச் சிறிது மின்னழுத்தம் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் மிகுதியாக வேண்டும். எனவே முன்வரிசையில் பாலாய் வெளுத்த வெண்மை, கடைசியில் மஞ்சளாகி, சிவந்து சோர்ந்துவிடுகிறது. முன்னிருப்பவை தவறு ஏதும் செய்யவில்லை, தமக்குரியதையே பயன்படுத்தின. ஆயினும் கடைசி விளக்கு வாடுகிறது. இதற்குப் பரிகாரம் ஒன்றே: பட்டையின் மறுமுனையிலும் இடையிடையேயும் தடித்த கம்பி கொண்டு தனியே மின்சாரம் ஊட்டுதல். செய்தி வரிசை வழியே போகலாம். உணவு அவ்வாறு போய்ச் சேராது. நேரடியாகக் கொண்டு கொடுக்க வேண்டும். அவ்வாறு கொடுக்கையில் எல்லா மின்வழங்கிகளின் எதிர்முனைகளையும், மைக்ரோகண்ட்ரோலரின் எதிர்முனையையும் ஒன்றாய் இணைக்க வேண்டும். பொதுவான தரை இல்லையேல் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காது.

கொடையாய் வந்த நிரல்

பலகையும் பட்டையும் வந்தன, ஆனால் 1.25 மைக்ரோ விநாடிக்குள் பேசுவது எப்படி? ஊனோ பலகையின் சில்லுக்கு அது வெறும் 20 துடிப்புக் காலம். அதற்குள் ஒரு துடிப்பை எழுப்பி, அளந்து, இறக்க வேண்டும். இது தேர்ந்த நிரலாளர்க்கே கைவரும் வேலை. அவ்வேலையை உலகுக்காகச் செய்து வைத்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த டேனியல் கார்சியா. அவர் தொடங்கிய நிரல்தொகுப்பு பின்னர் ‘ஃபாஸ்ட்எல்இடி’ என்ற பெயரால் புகழ்பெற்றது. மார்க் கிரீக்ஸ்மன் என்பவர் அவரோடு சேர்ந்து, சிறிய சில்லும் விரைந்து செய்யத்தக்க கணக்குமுறைகளையும் வண்ணச் சேர்க்கைகளையும் அதில் சேர்த்தார். இவ்வளவு மின்சாரத்துக்கு மேல் போகாதே என்று கட்டளையிட்டால், ஒளியைத் தானே தாழ்த்திக்கொள்ளும் பாதுகாப்பும் அதில் உண்டு.

கிரீக்ஸ்மன் 2012 ஜூலையில் எழுதிய சிறு நிரல் ஒன்று ஒரு பட்டையை எரியும் சுடராகக் காட்டுகிறது. அதன் படிகள் நான்கே. எல்லாப் புள்ளிகளும் சற்றே குளிர்கின்றன. அவற்றின் வெப்பம் மெல்ல மேலே பரவுகிறது. அடியில் எதிர்பாராத கணத்தில் ஒரு பொறி விழுகிறது. ஒவ்வொரு புள்ளியின் வெப்பத்துக்கும் ஏற்ற நிறம் தரப்படுகிறது. இவ்வளவே. பார்ப்பவர் கண்ணில் தீ நடனமாடுகிறது. இதுவும் மெழுகுதிரி ஆகிவிடாது என்பதை 1895ஆம் ஆண்டின் விடை நமக்கு நினைவூட்டுகிறது. ஆனாலும் சுடரை இத்தனை அன்போடு உற்று நோக்கிய மனிதர் ஒருவர் அந்நிரலுக்குப் பின்னால் இருக்கிறார்.

2019 செப்டம்பர் 2ஆம் நாள் அதிகாலை, கலிபோர்னியக் கடற்கரையை அடுத்த சாந்தா குரூஸ் தீவின் அருகே நங்கூரமிட்டிருந்த ‘கன்செப்ஷன்’ என்னும் படகு தீப்பற்றி எரிந்தது. கடலில் மூழ்கி நீந்தும் ஆர்வத்தால் வந்து, கீழ்த்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்த பயணிகளும் ஒரு பணியாளருமாக 34 பேர் மாண்டார்கள். டேனியல் கார்சியாவும் அவர்களுள் ஒருவர். அவருடைய நண்பர்களும் முகமறியா ஆர்வலர்களும் அந்நிரல்தொகுப்பை அன்றுதொட்டுப் பேணி வருகிறார்கள். அவர் எழுதிய வரிகளால் அவரை அறியாத எத்தனையோ ஊர்களில், அவர் கேள்விப்பட்டிராத எத்தனையோ விழாக்களில் விளக்குகள் எரிகின்றன.

அத்தொகுப்பு வழங்கப்பட்ட உரிமத்தை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம், விலை இல்லை. நிபந்தனை ஒன்றே ஒன்று: ஆக்கியோர் பெயரையும் அந்த உரிமத்தின் வாசகத்தையும் நீக்காமல் கடத்துக! பொருளைக் கேட்கவில்லை, நினைவை மட்டுமே கேட்டார்கள். முதல் விளக்கு தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைப் பழுதின்றி அனுப்புவது போல, பெற்றவன் நன்றியையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பதே அதன் பொருள்.

நம் ஊர்களில் டியூப் லைட்டின்மேல் உபயதாரர் பெயரைப் பெரிதாக எழுதி ஒளியையே மறைத்துவிடுவதைப் பலகாலமாக நகைத்து வந்திருக்கிறோம். பசியால் மாண்ட லோசெவ், ஆய்வேடு எழுதிய பாராகான், படகில் மறைந்த கார்சியா ஆகியோரின் பெயர்களோ எந்த விளக்கின்மீதும் எழுதப்படவில்லை. அப்பெயர்கள் எந்த ஒளியையும் மறைக்கப் போவதுமில்லை. வரும் விழாவுக்கு நம் இளைஞர்கள் பட்டைகளை விரித்து நிரலை இறக்கும்போது, அதன் தலைப்பில் உள்ள பெயர்களை ஒருமுறை வாய்விட்டு வாசிக்கட்டும். பிறகு பட்டையின் மறுமுனைக்கு நடந்து சென்று, கடைசி விளக்கு வெண்மையாகவே எரிகிறதா என்று பார்த்து வரட்டும்.